சுட்டியின் எண்ணும் தரவின் எண்ணும்

இணைய வரைபடத்தின் மேல் சுட்டியை நகர்த்தும்போது மூலையில் இரண்டு எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். வழி தேடி வந்தவர் அவற்றைக் கவனிப்பதே இல்லை. அதே வரைபடத்தைத் திறந்திருப்பவர் தாவரவியலாளராகவோ, நிலநடுக்கங்களை ஆராய்பவராகவோ, கடலடி வண்டலைப் பகுத்தாய்பவராகவோ இருந்தால், அந்த இரண்டு எண்களுக்காகவே அவர் வந்திருக்கக்கூடும். அவர் அவற்றைப் படியெடுத்துத் தம் அட்டவணையில் ஒட்டுவார். அங்கிருந்து அவை கணக்கீட்டுக்குள்ளும், கட்டுரைக்குள்ளும், அடுத்த ஆண்டு அதே இடத்தைத் தேடிச் செல்லும் இன்னொருவரின் ஜி.பி.எஸ். கருவிக்குள்ளும் போய்ச் சேரும். பிரவுசரை மூடிய பிறகும் அந்த எண்கள் பயணம் செய்துகொண்டிருக்கும் என்பதால், அவற்றைக் காட்டும் விதத்தில் நாம் எடுக்கும் சிறு முடிவுகள்கூட ஆய்வின் தரத்தைப் பாதிக்கின்றன.

ஆய்வாளர்களுக்கான வரைபடங்களை உருவாக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில், இதில் எல்லாவற்றுக்கும் முன்பாக வர வேண்டிய கேள்வி ஒன்று இருப்பதாக நான் கருதுகிறேன். திரையில் தெரியும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் யாருடைய எண்கள்? சுட்டி நிற்கும் பிக்சலைக் கொண்டு மென்பொருள் அந்த நொடியில் கணக்கிட்டவையா, அல்லது களத்தில் ஒருவர் அளந்து பதிவு செய்தவையா? இவ்விரண்டும் ஒரே எழுத்துருவில், ஒரே வடிவில், ஒரே பெட்டிக்குள் காட்டப்படுவதைப் பல தளங்களில் காண்கிறேன். பார்ப்பவர் பிரித்தறிய வழியே இல்லை. முதலாவது திரையைப் பற்றிய செய்தி. இரண்டாவது உலகத்தைப் பற்றிய செய்தி. இவற்றைக் கலந்துவிட்டால் பிறகு எந்தக் கவனத்தாலும் பிரித்தெடுக்க முடியாது.

சுட்டியின் எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். பெரும்பாலான இணைய வரைபடங்கள், உருண்டையான புவியைத் தட்டையாக்கிக் காட்டும் முறைகளில் ஒன்றான வெப் மெர்கேட்டர் என்ற புரொஜெக்‌ஷனில், அதாவது புவி இட அளவீட்டு முறைகளைப் பட்டியலிடும் இ.பி.எஸ்.ஜி. பதிவேட்டின் 3857 என்ற குறியீட்டில் இயங்குகின்றன. மிகக் குறைந்த ஜூம் நிலையில் உலகம் முழுவதும் 256 பிக்சல் அகலமுள்ள ஒரே சதுரப் படத்துண்டுக்குள், அதாவது டைலுக்குள், அடங்குகிறது. 360 பாகைகளை 256ஆல் வகுத்தால் ஒரு பிக்சலின் அகலம் 1.40625 பாகை. ஒவ்வொரு ஜூம் படிக்கும் இது பாதியாகும். ஐந்தாம் படியில் ஒரு பிக்சல் 0.044 பாகை, நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ 4.9 கிலோமீட்டர். பத்தாம் படியில் 0.0014 பாகை, பதினைந்தாம் படியில் 0.00004 பாகை. சுட்டி ஒரு பிக்சலைத்தான் தொடுகிறது. அந்தப் பிக்சலுக்குள் எந்த இடம் என்று அதற்குத் தெரியாது. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் 64 பிட் எண்களில் கணக்கிடுவதால், விடையை அப்படியே அச்சிட்டால் ஐந்தாம் படியிலும் 23.48340065432564 என்பதுபோல் பதினான்கு தசம இடங்கள் வந்து நிற்கும். பாகையின் பதினான்காவது தசம இடம் தரையில் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர். ஐந்து கிலோமீட்டர் அகலமுள்ள பிக்சலைச் சுட்டிவிட்டு மூலக்கூறின் அளவுக்கு இடம் சொல்கிறது வரைபடம்.

தசம இடங்களை எப்போதும் நான்கு என்றோ ஆறு என்றோ நிலையாக வைப்பது இதற்குத் தீர்வாகாது என்பது என் கருத்து. உலகம் முழுவதும் தெரியும் நிலையில் நான்கு இடங்கள் மிகையாகின்றன. கட்டடத்தின் கூரை தெரியும் நிலையில் அவை போதவில்லை. இடங்களின் எண்ணிக்கை ஜூமைப் பின்பற்றி மாற வேண்டும். ஐந்தாம் படியில் இரண்டு, பத்தில் மூன்று, பதினைந்தில் ஐந்து, பதினெட்டில் ஆறு என்பது நிலநடுக்கோட்டுக் கணக்குக்குப் பொருந்தும். ஆனால் ஜூம் எண்ணை நேரடியாகச் சூத்திரத்தில் போடுவதில் ஒரு சிக்கல் உண்டு. லீஃப்லெட் என்ற வரைபட நிரல் நூலகம் 256 பிக்சல் டைலை அடிப்படையாகக் கொண்டு ஜூமை எண்ணுகிறது; மேப்லிப்ரே என்ற மற்றொரு நூலகம் 512 பிக்சலை அடிப்படையாகக் கொள்கிறது. ஆகவே ஒன்றின் பத்தாம் படி மற்றொன்றின் ஒன்பதாம் படி. மேலும் மெர்கேட்டரில் துருவத்தை நோக்கிப் போகப் போக ஒரு பிக்சல் அடக்கும் அட்சரேகை அளவு சுருங்கும். 60 பாகையில் அது நிலநடுக்கோட்டில் இருப்பதில் பாதிதான். ஆகையால் சுட்டி நிற்கும் பிக்சலையும் அதற்குப் பக்கத்துப் பிக்சலையும் ஆயத்தொலைவுகளாக, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாக மாற்றி, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்தே தசம இடங்களை முடிவு செய்வது நல்லது. எந்த நூலகம், எந்தப் புரொஜெக்‌ஷன், எத்தனை சாய்வு என்றாலும் இந்த முறை பொருந்தும். எழுதுவதற்குச் சில வரிகள் போதும்.

தரவின் எண்ணுக்கு வருவோம். ஒரு புள்ளியைச் சொடுக்கினால் அந்தப் புள்ளியின் பதிவில் உள்ள ஆயத்தொலைவு காட்டப்பட வேண்டும். இது சொல்லாமலே விளங்கக்கூடியது போலத் தோன்றும். ஆனால் மேப்லிப்ரேயில் சொடுக்கு நிகழ்வு தரும் ஆயத்தொலைவு, விரல் அல்லது சுட்டி பட்ட இடத்தினுடையது. பத்துப் பிக்சல் ஆரமுள்ள வட்டத்தின் ஓரத்தில் சொடுக்கினால் பத்துப் பிக்சல் தள்ளிய எண் வரும். ஐந்தாம் படியில் அது பல பத்துக் கிலோமீட்டர். சரி, நிகழ்வை விட்டுவிட்டு அம்சத்தின், அதாவது வரையப்பட்ட அந்தப் புள்ளியின், வடிவியலிலிருந்து எண்ணை எடுக்கலாம் என்றால், அங்கே இன்னும் நுட்பமான ஒரு பள்ளம் இருக்கிறது. படமாக இல்லாமல் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் தரவைச் சுமக்கும் வெக்டார் டைல்களில் ஆயத்தொலைவுகள் பாகைகளாக இருப்பதில்லை. ஒவ்வொரு டைலும் வழக்கமாகப் பக்கத்துக்கு 4096 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு புள்ளியும் அருகிலுள்ள கட்டத்துக்கு நகர்த்தப்படுகிறது. பத்தாம் படி டைலில் ஒரு கட்டம் நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ 9.5 மீட்டர், ஐந்தாம் படி டைலில் ஏறத்தாழ 306 மீட்டர். ஜியோஜேசன் என்ற இடத்தரவுக் கோப்பை நேரடியாகக் கொடுத்தாலும் நூலகம் அதை உள்ளுக்குள் டைல்களாக வெட்டியே வரைகிறது. எனவே வரையப்பட்ட வடிவத்திடம் கேட்டு வாங்கும் எண், ஜூமுக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். மாதிரி சேகரித்த ஒரே இடத்துக்கு ஒருவர் ஓர் எண்ணையும் மற்றொருவர் வேறோர் எண்ணையும் படியெடுத்துச் செல்வார்கள். இருவரிடமும் எந்தத் தவறும் இராது.

இதைத் தவிர்ப்பதற்கு நான் எப்போதும் பின்பற்றும் வழி, மூல ஆயத்தொலைவுகளை ஒவ்வொரு அம்சத்தின் பண்புகளிலும் தனியாக, எழுத்துச் சரமாகவே சேர்த்து அனுப்புவது. வடிவியல் வரைவதற்கு மட்டும், படிப்பதற்குப் பண்பு. எழுத்துச் சரமாக வைப்பதற்கும் காரணம் உண்டு. களக் குறிப்பில் 12.50 என்று எழுதியவர் கடைசிச் சுழியத்தையும் ஒரு பொருளோடுதான் எழுதியிருப்பார். அதை எண்ணாக மாற்றினால் 12.5 ஆகி, அந்தத் துல்லியத் தகவல் போய்விடும். தசம எண்களைக் குறைந்த இலக்கங்களோடு வைக்கும் 32 பிட் மிதவை எண்ணாகச் சேமிக்கப்பட்ட தரவுகளில் இதற்கு நேர்மாறானது நடக்கிறது. 128 பாகைக்கு மேற்பட்ட தீர்க்கரேகைகளில் 32 பிட் எண்ணின் மிகச்சிறு படி 0.000015 பாகை, அதாவது நிலநடுக்கோட்டில் 1.7 மீட்டர். அதை 64 பிட்டில் படித்து அச்சிட்டால், யாரும் அளக்காத இலக்கங்கள் வாலாக நீளும்.

துல்லியம் பற்றிய பேச்சில் என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்வது பழைய பதிவுகள். அருங்காட்சியகத் தாவர மாதிரி ஒன்றின் சீட்டில் 12°35′ வடக்கு என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சேகரித்தவர் முழு நிமிடத்துக்குத்தான் குறித்திருக்கிறார். அட்சரேகையின் ஒரு நிமிடம் ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர், ஆகவே அவர் சொன்னது இரு பக்கமும் ஏறக்குறைய 900 மீட்டர் தளர்வுள்ள ஓர் இடம். தரவுத்தளத்தில் ஏற்றும்போது அது 12.583333 ஆகிறது. வரைபடம் அந்த ஆறு தசம இடங்களை அப்படியே காட்டுகிறது. ஆறாவது தசம இடம் தரையில் 11 சென்டிமீட்டர். சேகரித்தவர் ஒருபோதும் சொல்லாத ஓர் உறுதியை, அவர் மறைந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, வரைபடம் அவர் பெயரில் சொல்கிறது. அந்த எண்ணை எடுத்துக்கொண்டு 30 மீட்டர் பிக்சல் கொண்ட லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் அந்தத் தாவரம் எந்த நிலப்பரப்பில் வளர்ந்தது என்று தேடுபவருக்குக் கிடைக்கும் விடை, மண்ணைப் பற்றியதாக இல்லாமல் முழுமையாக்கும் சூத்திரத்தைப் பற்றியதாகவே இருக்கும்.

உயிரியல் பதிவுகளுக்கான டார்வின் கோர் தரநிலையில் இதற்கென்றே புலங்கள் இருக்கின்றன. தசம அட்சரேகை, தசம தீர்க்கரேகை ஆகியவற்றோடு டேட்டத்துக்கு, அதாவது அளவீட்டுக்கு அடிப்படையாகக் கொண்ட புவி மாதிரிக்கு, ஒரு புலமும், மீட்டரில் நிச்சயமின்மைக்கு ஒரு புலமும், எழுதப்பட்டபடியே மூலச் சொற்களைப் பாதுகாக்க ஒரு புலமும் உண்டு. இவை தரவில் இருக்கும்போதும் பல வரைபடங்கள் இவற்றைக் காட்டாமல் விட்டுவிடுகின்றன. பாப்-அப் பெட்டியில் இடம் போதவில்லை என்று சொல்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, தீர்க்கரேகையின் கடைசி நான்கு இலக்கங்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நிச்சயமின்மையை எழுதுங்கள் என்பதுதான். வட்டமாக வரைந்தால் இன்னும் நல்லது. ஆனால் அந்த வட்டம் தரையின் மீட்டரில் இருக்க வேண்டும். லீஃப்லெட்டில் மீட்டர் ஆரம் கொண்ட வட்டமும் பிக்சல் ஆரம் கொண்ட வட்டக் குறியும் தனித்தனி வகைகள். மேப்லிப்ரேயின் வட்ட அடுக்கு பிக்சலில்தான் ஆரத்தைக் கேட்கிறது. பிக்சல் வட்டத்தை நிச்சயமின்மை என்று காட்டினால், பயனர் நெருங்கிப் பார்க்கப் பார்க்க அந்த இடம் மேலும் மேலும் உறுதியாக அறியப்பட்டதுபோல் தோன்றும். இதைவிடத் தவறான செய்தியை ஒரு வட்டம் தர முடியாது.

கட்டத் தரவுகளில், அதாவது செயற்கைக்கோள் படங்களிலும் பழைய அளவீடுகளைக் கணினி மாதிரியோடு இணைத்து உருவாக்கும் வானிலை மறுபகுப்பாய்வுகளிலும், இதே கேள்வி வேறு உருவத்தில் வருகிறது. ஐரோப்பிய வானிலை முன்கணிப்பு மையத்தின் ஈ.ஆர்.ஏ. 5 மறுபகுப்பாய்வுத் தரவு 0.25 பாகை கட்டத்தில் கிடைக்கிறது. பயனர் எங்கே சொடுக்கினாலும் மதிப்பு அந்தக் கட்டத்துக்கு உரியது. அந்த மதிப்புக்குப் பக்கத்தில் சுட்டியின் ஆயத்தொலைவை ஐந்து தசம இடங்களோடு எழுதினால், வெப்பநிலை அந்த ஒரு மீட்டரில் அளக்கப்பட்டதாகப் பொருள்படும். கட்டத்தின் மையத்தை எழுதி, கட்டத்தின் எல்லையைத் திரையில் கோடிட்டுக் காட்டுவதே நேர்மையானது. தரப்பட்டிருக்கும் ஆயத்தொலைவு கட்டத்தின் மையமா மூலையா என்பதையும் தரவின் விவரக்குறிப்பில் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். இல்லையென்றால் முழு அடுக்கும் அரைக் கட்டம் நகர்ந்து நிற்கும். காலநிலைத் தரவுகள் பல, தீர்க்கரேகையை 0 முதல் 360 வரை எண்ணுகின்றன. வரைபடமோ −180 முதல் 180 வரை. அமெரிக்கக் கண்டங்கள் முழுவதும் காணாமல் போய்விட்டதாகத் தோன்றும் அடுக்குகளுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

அட்சரேகை முதலிலா, தீர்க்கரேகை முதலிலா என்ற வரிசைப் பிரச்சினையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதன் விளைவு மட்டும் சுருக்கமானதல்ல. ஐ.எஸ்.ஓ. 6709 தரநிலை அட்சரேகையை முன்னால் வைக்கிறது, ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 டேட்டத்தின் பாகைகளுக்கான குறியீடாகிய இ.பி.எஸ்.ஜி. 4326இன் முறையான வரிசையும் அதுவே. 2016இல் வெளியான ஆர்.எஃப்.சி. 7946 என்ற இணையத் தரநிலை ஆவணத்தின்படி ஜியோஜேசன் தீர்க்கரேகையை முன்னால் வைக்கிறது. கே.எம்.எல். கோப்புகளிலும் தீர்க்கரேகைதான் முதலில். லீஃப்லெட் அட்சரேகையை முதலில் கேட்கும். மேப்லிப்ரேயும் ஓப்பன்லேயர்ஸ் நூலகமும் தீர்க்கரேகையை முதலில் கேட்கும். வரைபடங்களைப் படங்களாகத் தரும் டபிள்யூ.எம்.எஸ். சேவையின் 1.1.1 பதிப்புக்கும் 1.3.0 பதிப்புக்கும் இடையே 4326க்கான வரிசையே மாறியது. நிரலாளர் இவற்றை நினைவில் வைத்துக்கொள்ளலாம். வரைபடத்தைப் பார்க்கும் நிலவியலாளர் ஏன் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்? 60.17, 24.94 என்பது ஹெல்சிங்கி. இரண்டையும் மாற்றிப் படித்தால் ஓமான் வளைகுடாவின் கடல்நீர். இரண்டுமே 90க்குள் இருக்கும் எண்கள் என்பதால் எந்த மென்பொருளும் எச்சரிக்காது. ஆகவே பெயரில்லாத எண் இணை எதுவும் திரையில் இருக்கக் கூடாது. ‘அட்சரேகை 60.17° வடக்கு, தீர்க்கரேகை 24.94° கிழக்கு’ என்று திசையோடு எழுதினால் வரிசையைப் பற்றிய ஐயமே எழாது.

டேட்டத்தைப் பற்றிப் பேசினால் வரைபட நிரலாளர்கள் சிலர் அது நில அளவையாளர்களின் கவலை என்கிறார்கள். இணைய வரைபடத்தில் எல்லாமே டபிள்யூ.ஜி.எஸ். 84 அல்லவா என்பது அவர்கள் வாதம். வரைபடம் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறது. தரவு அப்படிப் பிறந்ததா என்பதே கேள்வி. ஜப்பான் 2002இல் தன் பழைய டோக்கியோ டேட்டத்தைக் கைவிட்டபோது, டோக்கியோ வட்டாரத்தில் ஒரே அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் சுட்டும் இடம் 400 மீட்டருக்கும் மேல் நகர்ந்தது. கிரீனிச்சில் பார்வையாளர்கள் கால் வைத்து நிற்கும் புகழ்பெற்ற கோட்டில் ஜி.பி.எஸ். கருவி சுழியத்தைக் காட்டாது; அதன் சுழியக் கோடு 102 மீட்டர் கிழக்கே ஓடுகிறது. பழைய கோடு அந்த இடத்தின் ஈர்ப்பு விசை காட்டிய செங்குத்துத் திசையை நம்பி வானத்தைப் பார்த்து அமைக்கப்பட்டது. புதியது புவியின் நிறை மையத்தை அடிப்படையாகக் கொண்டது. கண்டங்களும் நிலையாக நிற்பதில்லை. ஆஸ்திரேலியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்வதால், அந்நாட்டின் 1994 டேட்டத்துக்கும் 2020 டேட்டத்துக்கும் இடையே ஏறத்தாழ 1.8 மீட்டர் வேறுபாடு உண்டு. 4326 என்ற குறியீடே, ஒன்றையொன்று தொடர்ந்து வந்த பல டபிள்யூ.ஜி.எஸ். 84 வடிவங்களின் தொகுப்பு என்றும், அதன் துல்லியம் 2 மீட்டர் என்றும் இ.பி.எஸ்.ஜி. பதிவேடு குறிப்பிடுகிறது. ஆகவே அந்தக் குறியீட்டை மட்டும் சொல்லிவிட்டு ஏழாவது தசம இடத்தைக் காட்டுவதற்குப் பொருளில்லை. ஆயத்தொலைவுப் பெட்டியில் டேட்டத்தின் பெயர் ஒரு சொல்லாகவேனும் இருக்கட்டும். பதிவில் டேட்டம் குறிக்கப்படவில்லை என்றால், ‘டேட்டம் பதிவாகவில்லை’ என்பதும் ஆய்வாளருக்குத் தேவையான செய்தியே.

புரொஜெக்‌ஷன் பற்றி ஒன்றே ஒன்று. வெப் மெர்கேட்டர் 85.0511 பாகையோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் உள்ள பனிக்கடல் அதில் இல்லவே இல்லை. வட துருவ ஆய்வாளர்களுக்கு இ.பி.எஸ்.ஜி. 3413, அண்டார்டிகாவுக்கு 3031 என்று தனிப் புரொஜெக்‌ஷன்கள் உள்ளன. நாசாவின் வேர்ல்ட்வியூ தளம் துருவக் காட்சிகளைத் தனியாகவே தருகிறது. அத்தகைய காட்சியில் தீர்க்கரேகைகள் ஆரங்களாக விரிவதால், வடக்கு எது என்பதைக் கண் ஊகிக்க முடியாது. அங்கே மூலையில் ஓடும் எண்களை விட, பெயரிடப்பட்ட அட்ச, தீர்க்கக் கோட்டு வலையே அதிகம் உதவும்.

பாகை, நிமிடம், விநாடி வடிவத்துக்கு மாற்றும் நிரலை எல்லோரும் ஐந்து நிமிடத்தில் எழுதிவிடுகிறார்கள். அதில் இரண்டு பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. 45.99999 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். முழுப்பகுதி 45. மீதியை 60ஆல் பெருக்கினால் 59.9994, ஆகவே 59 நிமிடம். மீதியை மீண்டும் பெருக்கினால் 59.964 விநாடி, ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்கினால் 60.0. திரையில் தெரிவது 45°59′60.0″ என்ற, உலகில் இல்லாத ஒரு வடிவம். முதலில் முழு எண்ணையும் விநாடிகளாக மாற்றி, அங்கேயே முழுமையாக்கி, அதன் பிறகு பிரித்தால் 46°0′0.0″ என்று சரியாக வரும். முழுமையாக்குவது ஒரே முறை, அதுவும் பிரிப்பதற்கு முன்னால். இரண்டாவது பிழை இன்னும் தீங்கானது, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது. −0.22 என்ற அட்சரேகையின் முழுப்பகுதி சுழியம். கழித்தல் குறியைப் பாகையின் முழு எண்ணோடு ஒட்டவைக்கும் நிரலில் சுழியத்துக்குக் குறி இல்லாமல் போய், 0°13′12″ என்று வெளிவரும். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கும் கீட்டோ நகரம் ஏறத்தாழ 49 கிலோமீட்டர் நகர்ந்து வடக்கே போய்விடும். குறியை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிட்டு, எண்ணின் மட்டுமதிப்பை, அதாவது குறியில்லாத அளவை மட்டுமே பிரிக்க வேண்டும்.

கடலாய்வாளர்கள் பாகையும் தசம நிமிடமும் கலந்த வடிவத்தையே விரும்புகிறார்கள். அட்சரேகையின் ஒரு நிமிடம் ஏறத்தாழ ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர் என்பதால் அது அவர்களுக்கு இயல்பானது. 36°30.5′ என்பதை யாரேனும் 36.305 என்று எழுதிக்கொண்டால் 22 கிலோமீட்டருக்கும் மேல் பிழை வரும். வடிவத்தை மாற்றிக்கொள்ளும் பொத்தானைத் தருவது அவசியம். ஒவ்வொரு வடிவத்திலும் பாகை, நிமிடக் குறிகள் விடுபடாமல் இருப்பது அதைவிட அவசியம்.

அதே குறிகள் படியெடுக்கும்போது இடைஞ்சல் ஆகின்றன. அச்சுக்கு அழகாக இருக்கட்டும் என்று யூனிகோட் கழித்தல் குறியைத் திரையில் வைக்கிறோம். அதைப் படியெடுத்துப் பைத்தான் நிரலில் எண்ணாக மாற்ற முயன்றால் பிழைச் செய்தி வரும். அதற்கு விசைப்பலகையில் உள்ள சிறுகோடுதான் வேண்டும். பைத்தான் பிழை என்றாவது சொல்கிறது. ஏற்க முடியாத குறியை உதறிவிட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளும் துப்புரவு நிரல்களும் உண்டு. அவற்றில் தெற்கு வடக்காகிவிடும். தசமப் புள்ளிக்குக் காற்புள்ளி இடும் மொழி அமைப்புகளில், இரண்டு எண்களையும் காற்புள்ளியால் பிரித்தால் நான்கு எண்கள்போல் ஆகிவிடும். ஆகவே கண்ணுக்குக் காட்டும் வடிவமும் படியெடுக்கத் தரும் வடிவமும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். படியெடுக்கும் பொத்தான், சாதாரணச் சிறுகோடும் தசமப் புள்ளியும் கொண்ட இரண்டு எண்களை, டேட்டத்தையும் நிச்சயமின்மையையும் சேர்த்து, அட்டவணையில் தனித்தனிப் பத்திகளில் விழும்படி டேப் இடைவெளியோடு தரட்டும். 2010இல் வெளியான ஆர்.எஃப்.சி. 5870 வரையறுத்த ஜியோ முகவரியும், அதாவது ஓர் இடத்தை இணைய முகவரி வடிவில் எழுதும் முறையும், பயன்படும். அதில் அட்சரேகை, தீர்க்கரேகைக்குப் பின்னால் மீட்டரில் நிச்சயமின்மையை எழுத ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவு நல்ல ஏற்பாட்டை இத்தனை குறைவானவர்கள் பயன்படுத்துவது எனக்கு வருத்தம் தருகிறது.

எண்களைக் காட்டக் கூடாத இடங்களும் உண்டு. அழியும் நிலையில் உள்ள ஆர்க்கிட் ஒன்று எங்கே பூக்கிறது, அரிய பறவை எங்கே கூடு கட்டுகிறது என்பதைச் சில மீட்டர் துல்லியத்தில் வெளியிடுவது, திருடுபவருக்கு வழி காட்டுவதாகும். அத்தகைய பதிவுகளை 0.1 பாகைக்கோ 0.01 பாகைக்கோ பொதுமைப்படுத்தி வெளியிடுவது வழக்கம். அந்தச் சுருக்கம் சர்வரிலேயே நடந்து முடிந்திருக்க வேண்டும். முழு எண்ணையும் பிரவுசருக்கு அனுப்பிவிட்டுத் திரையில் மட்டும் இரண்டு இலக்கங்களைக் காட்டினால் அது பாதுகாப்பே அல்ல. டெவலப்பர் கருவிகளைத் திறக்கத் தெரிந்த எவருக்கும் மீதி இலக்கங்கள் கிடைக்கும். பொதுமைப்படுத்தியதைச் சொல்லாமல் விடுவதும் கூடாது. ‘பாதுகாப்புக்காக 0.1 பாகைக்குச் சுருக்கப்பட்டது’ என்ற ஒரு வரி இல்லாவிட்டால், அந்தப் புள்ளியை உண்மையான இடம் என்று நம்பி ஒருவர் வாழிட மாதிரியைக் கட்டிவிடுவார்.

தொடுதிரையில் சுட்டியே இல்லை. விரல் பல பத்துப் பிக்சல்களை மறைத்துக்கொள்கிறது. அங்கே திரையின் நடுவில் ஒரு குறுக்குக் குறியை நிறுத்தி, வரைபடத்தை அதன் கீழ் நகர்த்தச் செய்து, நகர்வு நின்றதும் நடுப்புள்ளியின் எண்ணைக் காட்டுவதே நன்றாக வேலை செய்கிறது. விசைப்பலகையால் மட்டுமே இயங்குபவர்களுக்கும் இதே ஏற்பாடு போதும்.

ஆயத்தொலைவு காட்டும் எந்த வரைபடத்தையும் வெளியிடுவதற்கு முன் சில சங்கடமான புள்ளிகளை அதில் ஏற்றிப் பார்ப்பது என் வழக்கம். நிலநடுக்கோட்டுக்குச் சற்றே தெற்கே ஒன்று. 45.99999 பாகையில் ஒன்று. 89.9 பாகை வடக்கில் ஒன்று. மெர்கேட்டர் வரைபடம் அதை விளிம்பில் ஒட்டவைக்காமல், காட்ட இயலாது என்று சொல்ல வேண்டும். ஃபிஜித் தீவுகளுக்கு அருகே 180 பாகைக் கோட்டின் இரு பக்கமும் ஒவ்வொன்று. வரைபடத்தை ஒரு முழுச் சுற்று இழுத்த பிறகும் தீர்க்கரேகை 181 என்றோ 540 என்றோ ஆகாமல் வரம்புக்குள் திரும்ப வேண்டும். கடைசியாக, ஆயத்தொலைவே இல்லாத வெற்றுப் பதிவு ஒன்று. வெற்றிடத்தைச் சுழியமாக எண்ணும் நிரல் அதைக் கினி வளைகுடாவில் 0, 0 என்ற இடத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். அந்தப் பதிவு வரைபடத்தில் எங்கும் தோன்றாமல், பக்கத்துப் பட்டியலில் ‘இடம் பதிவாகவில்லை’ என்ற குறிப்போடு இருக்கிறதா என்று பார்த்த பிறகே வெளியிடுகிறேன்.